மிச்சச் சோறு திண்ட பசு இன்னும் அசை போடேல்லை: என்ன செய்யலாம்?

அண்ணை, கலியாண வீட்டுச் சோறு திண்ட உங்கட பசுவுக்கு மிருக வைத்தியர் இரைப்பையில ஏறின புளிப்பை (அமிலத்தை) இறக்கியும் இன்னும் அசை போடேல்லை எண்டு எழுதியிருந்தியள். புளிப்பில, வைக்கலைச் செமிக்கப்பண்ணுற பக்டீரியாக்கள் செத்துப்போகும். அதுகளைத் திருப்பிக் குடுக்கவேணும்.

முதல்ல இடப்பக்க விலாக்குழியில கைமுட்டியை அழுத்திப் பிடியுங்கோ. ரண்டு நிமிசத்துக்குள்ள ரண்டு மூண்டு தரம் இரைப்பை எழும்பி அமரவேணும். அசைவு குறைவெண்டால், சுகமான மாட்டின்ர இரைப்பை நீரைக் குழாயால எடுத்து உங்கட பசுவின்ர இரைப்பைக்குள்ள குழாயால விடச்சொல்லி வைத்தியரைக் கேளுங்கோ. வளர்ந்த பசுவுக்கு 3 லீற்றராவது வேணும், 8 கிடைச்சால் இன்னும் நல்லம். துணியில வடிச்சு, சுடுதண்ணியில சூடாக்கின பிளாஸ்கில விளிம்புமட்டும் நிரப்பி மூடி, உடனே விடவேணும். குளிரும் காத்தும் பட்டால் அந்தப் பக்டீரியாக்கள் சாகும். போத்தலால பருக்கவே வேண்டாம், நுரையீரலுக்குள்ள போனால் மாடு தப்பாது.

புளிப்பு மிச்சமிருந்தால் விட்டும் வீண். உங்கட பசுவின்ர இரைப்பை நீரின்ர பி.எச். (புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 6க்கு மேல வந்திட்டுதோ எண்டு பி.எச். தாளால பாக்கச்சொல்லுங்கோ. கடை ஈஸ்ட் தூள் துணைக்குச் சரி, சுகமான மாட்டின்ர இரைப்பை நீருக்கு ஈடில்லை.

பிறகு காஞ்ச வைக்கலும் தண்ணியும் தாராளமாய்க் குடுங்கோ. அசை ஒழுங்காகுமட்டும் தவிடு, புண்ணாக்கு வேண்டாம். மாடு படுத்து எழும்பாட்டில் அண்டைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கோ.