ஸ்ட்ரட் பார் வாங்கும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துல இருக்கறனுங்க. 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. மாசம் ரெண்டு தடவை குடும்பத்தோட திம்பம் ஏறி மைசூர் போவோம். கொண்டை ஊசி வளைவுல வண்டி சாயுது. ஸ்டியரிங் ஒடிச்சப்புறம் கொஞ்சம் லேட்டாத்தான் முன்பக்கம் திரும்புது. கோயமுத்தூர்ல ஒரு கடையில, முன்னாடி மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, பின்னாடி ரெண்டுன்னு நாலு இரும்பு பார் போட்டா ரேஸ் கார் மாதிரி நிக்கும்ங்கறாங்க. போடலாமுங்களா? வீட்லயே மாட்டிக்கலாமா? இன்சூரன்ஸ்ல பிரச்சனை வருமுங்களா? டவர் படம் அனுப்பியிருக்கறேன்.

பதில்: போடலாம் தம்பி. ஆனால் நாலில் ஒன்று போதும், அதுவும் இப்போது வேண்டாம். நீங்கள் சொல்கிற இரண்டு குறைகளுமே பார் போட்டால் போகிற குறைகள் இல்லை.

முதலில் சாய்வு. வளைவில் பாடி ஒரு பக்கம் சாய்வதைத் தடுப்பவை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை அடியில் இணைக்கும் ஆன்டி ரோல் பாரும்தான். பானெட்டைத் திறந்தால் குறுக்கே பளபளவென்று தெரிகிற ஸ்ட்ரட் பாருக்கும் அந்தச் சாய்வுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த பாரின் வேலை வேறு. உங்கள் காரின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்தான் ஸ்ட்ரட். சக்கரத்தின் மேல்முனை ஸ்ட்ரட் வழியாக இன்ஜின் ரூமின் இரு ஓரத்திலும் உள்ள டவர்களில் போய் முடிகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக பாரம் வாங்கும்போது அந்தப் பக்க டவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டியை மூலையில் பிடித்து முறுக்கினால் வாய்ப்பக்கம் நெளிவது போலத்தான். இரண்டு டவரையும் ஒரு பாரால் கட்டினால் அந்த நெளிவு குறையும்.

ஆனால் குறைவது கொஞ்சம்தான். பக்கவாட்டு விசையின் பெரும்பங்கு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வழியாக, அது பூட்டியிருக்கும் சப்ஃப்ரேம் என்ற அடிச்சட்டத்துக்குப் போய்விடுகிறது. டவருக்கு வருவது சிறு பங்கு. தவிர, பல சின்ன கார்களில் டவர்கள் ஃபயர்வாலை (இன்ஜின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டை) ஒட்டியே இருப்பதால் அந்தத் தகடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நல்ல டயரும் இறுக்கமான சஸ்பென்ஷனும் உள்ள காரில் பார் போட்டால் ஸ்டியரிங் ஒடித்ததும் வண்டி கொஞ்சம் கூர்மையாகத் திரும்புவது தெரியும். தேய்ந்த காரில் போட்டால், கைக்காசு போனதைத் தவிர ஒன்றும் தெரியாது.

உங்கள் இரண்டாவது குறைக்கு வருகிறேன். ஸ்டியரிங் ஒடித்து, கொஞ்சம் கழித்து முன்பக்கம் வருவது 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பெரும்பாலும் ரப்பர் பேசுவது. லோயர் ஆர்மின் பின் புஷ் (ஆர்ம் பூட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்) வெடித்திருந்தால் சக்கரம் திரும்பும் முன் ஆர்ம் முதலில் நகர்ந்துகொள்ளும். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் டவருக்குள் 'கட்கட்' என்று கேட்டால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டொக்' என்றால் ஆன்டி ரோல் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடு. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி பிடித்திருந்தால் அதற்கு மேல் சோதனை தேவையில்லை, ஜோடியாக மாற்றுங்கள். பின்னால் டார்ஷன் பீம் ஆக்சில் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் வகை) என்றால் அதன் இரண்டு புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். அவை தளர்ந்தால் வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக அசைவது போலத் தெரியும், அதைத்தான் பலரும் 'பாடி ஆடுது' என்று சொல்கிறார்கள்.

இதையெல்லாம் வண்டியை ராம்ப்பில் ஏற்றி, லிவர் போட்டு நெம்பிப் பார்த்தால்தான் தெரியும். கையால் ஆட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

டயரை விட்டுவிடக்கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். பட்டன் (டயரின் மேல் கட்டைகள்) நிறைய இருந்தாலும் வருடம் ஆக ஆக ரப்பர் இறுகிவிடும். காற்றழுத்தம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி இருக்கட்டும், குளிர்ந்த டயரில் பாருங்கள். குடும்பமும் லக்கேஜுமாக ஏறும்போது முழுபாரத்துக்கான அளவு அதே ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசிகளில் உங்களைக் காப்பாற்றப்போவது முதலில் இந்த நான்கு டயர்கள்தான். புஷ், டயர், அதன்பின் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது), இந்த வரிசையில் முடித்துவிட்டு ஒரு தடவை மலை ஏறி வாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் பாரைப் பற்றிப் பேசலாம்.

அப்போது வாங்க வேண்டியது முன் மேல் பார் மட்டும். அடியில் போடும் பார் நமக்கு ஒத்துவராது. கோபியிலிருந்து சத்தி போகும் வழியில் கிராமத்துக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர், அதுவும் ஆளுக்கொரு உயரம். நான்கு பேர் உட்கார்ந்த ஹேட்ச்பேக்கில் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் இடைவெளி ஏற்கெனவே குறைவு. தொங்கும் பார் ஒருநாள் தட்டும். தட்டினால் அடி வாங்குவது பார் மட்டுமல்ல, அது பூட்டியிருக்கும் சப்ஃப்ரேம் போல்ட்டும்தான். பின்சீட்டுக்குப் பின்னால் போடும் பாரால் டிக்கியில் பை வைக்க இடம் போகும், டார்ஷன் பீம் காரில் பலனும் சொற்பம். கதவுத் தூண்களுக்கு நடுவே கேபினுக்குள் போடும் நான்காவது பாரை, பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் வண்டியில் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். மோதலில் தலை போய் இடிக்கும் இடத்தில் ஒரு இரும்புக் குழாய் வேண்டாம். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டு, பெல்ட்டால் சீட்டோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சரியான இரும்பு உங்கள் பிள்ளைக்குச் சரியாகாது.

பார் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் பிராண்டையும் விட்டுவிட்டு பிராக்கெட்டை, அதாவது டவரில் பூட்டும் முனைத்தகட்டைப் பாருங்கள். டவர் மேல் தகட்டோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே போல்ட்டில் சுழலும் கீல் மாதிரி இணைப்பு இருந்தால் வேண்டாம். டவர் நெளியும்போது அந்தக் கீல் லேசாகத் திரும்பிக்கொள்ளும், பாதி பலன் அங்கேயே போய்விடும். ஒரே துண்டாக, முழு விளிம்பும் வெல்டிங் செய்த ஸ்டீல் பார் நல்லது. கோவையில் லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கடையில் கிடைப்பது பொருந்தாவிட்டால் குறிச்சி சிட்கோ பக்கம் அளவு கொடுத்தே செய்யலாம். அப்படிச் செய்தால் முதலில் கெட்டி அட்டையில் பிராக்கெட் வெட்டி, டவரில் வைத்துப் பார்த்து, பானெட்டை மெதுவாக மூடி இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏர் ஃபில்டர் குழாய், ஏபிஎஸ் யூனிட், பிரேக் ஆயில் டப்பா எதையும் பார் தொடக்கூடாது.

வீட்டிலேயே மாட்டலாமா? உங்கள் படத்தில் டவர் மேல் மூன்று நட் தெரிகிறது, அதனால் முடியும். நடுவில் ஒரே பெரிய நட் மட்டும் உள்ள வகையாக இருந்தால் பட்டறைக்கே போகச் சொல்லியிருப்பேன். சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு வேலை செய்யுங்கள். ஜாக்கி போடவே கூடாது. சக்கரம் தொங்கும்போது மூன்று நட்டையும் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். மூன்று நட்டுக்கும் நடுவில் உள்ள நட்டைத் தொடவே தொடாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அதைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். டவர் மேல் மண்ணைத் துடைத்து, பெயின்ட் உரிந்திருந்தால் துருத்தடுப்பு பூசி, பிறகு பிராக்கெட்டை வையுங்கள். எல்லா நட்டையும் கையால் திருகி, பார் இழுபடாமலும் தள்ளப்படாமலும் தானாக உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். நெம்பித்தான் ஏற்ற முடிகிறது என்றால் அந்த பார் உங்கள் காருக்கு உரியது அல்ல. பிராக்கெட்டின் தடிமன் சேர்ந்தபின், நட்டுக்கு மேல் ஸ்டட்டின் (நட் ஏறும் கம்பியின்) மரை இரண்டு சுற்றாவது வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நட் முழுசாகப் பிடிக்கவில்லை, ஓட்டாதீர்கள். இறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் பயன்படுத்துங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஸ்டட் ஒடியும், அது மவுன்ட்டோடு சேர்ந்த பாகம் என்பதால் ஸ்ட்ரட்டையே இறக்க வேண்டிவரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். அலைன்மென்ட்டையும் மறுபடி பார்த்துவிடுங்கள், மவுன்ட் துளைக்குள் லேசாக நகர்ந்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்து போடுங்கள். இரண்டு டவரும் கட்டப்பட்ட பிறகு ஒரு பக்கம் பலமாக இடித்தால் அடி மறுபக்க டவருக்கும் போகும். டிங்கரிங் செலவு கூடும்.

இன்சூரன்ஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஏற்கெனவே உள்ள ஸ்டட்டில் நட் போட்டு மாட்டி, வேண்டாமென்றால் கழற்றிவிடும் பார் ஆர்சியில் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. சேஸியில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் அப்படியல்ல, அந்தப் பக்கமே போகாதீர்கள். பார் போட்டதும் பில்லையும் படத்தையும் இணைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.