அப்பா ஏறினால் பற்றாத சுருட்டு

கேள்வி: என் கணவர் கார் ஓட்டும்போது சுருட்டு பிடிக்கிறார். சர்ச்சிலே மயங்கிய திருச்சி சுருட்டு என்று பெருமை வேறு. ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் பிடிக்கிறேன், புகையை உள்ளே இழுப்பதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறார். பின் சீட்டில் ஆறு வயதுப் பையன் இருமுகிறான். மாமனார் கூட வந்தால் மட்டும் சென்னை வரை தொடமாட்டார். சுருட்டு இல்லாவிட்டால் தூக்கம் வருமாம். எப்படி நிறுத்துவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாமனார் வந்தால் தொடமாட்டார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். திருச்சியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, கை நடுங்கவில்லை. ஆக, முடியாமல் இல்லை. அப்பா கேட்பார், பிள்ளை கேட்கமாட்டான். அவ்வளவுதான் விஷயம். பெரியவர் முன்னால் பிடிக்காததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெற்ற பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்றால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை, பயம்.

உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டின் நிகோடின் வாய் வழியாகவே உடம்பில் ஏறும். சரி, அது அவர் பாடு. பையன் மூச்சை அடக்கிக்கொண்டா வருவான்? ஜன்னலைத் திறந்தால் எல்லாப் புகையும் வெளியே போய்விடாது. மிச்சம் சீட்டுத் துணியில் ஒட்டும். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பது 2015 அக்டோபரிலிருந்து குற்றம், ஜன்னல் திறந்திருந்தாலும். சர்ச்சிலின் ஊரிலேயே இதுதான் நிலைமை என்று சொல்லுங்கள். நாற்கரச் சாலையில் ஒரு கையில் நெருப்பு, மடியில் சாம்பல் விழுந்தால் கண் எங்கே போகும்? பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்துக்கு வேறு பொறி பறக்கும்.

உங்களையும் விடமாட்டேன். பிள்ளை இருமுவதைக் கேட்டுக்கொண்டே இத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? மாமனாரிடம் புகார் சொல்லாதீர்கள். வீம்புக்கென்றே இன்னும் இரண்டு பற்றவைப்பார். நீங்களே சொல்லுங்கள். வேண்டுமானால் வண்டியை ஓரம்கட்டி, இறங்கி நின்று பிடித்துவிட்டு வரட்டும். உள்ளே பற்றவைத்தால் நானும் பையனும் ஏறமாட்டோம் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? அதில் எவராவது பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம்.