சென்னை அருங்காட்சியகங்கள்: பிள்ளைகளோடு எங்கே, எப்படிப் போகலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையிலிருந்து மூன்று நாட்கள் சென்னைக்கு வருகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மூட்டு வலியுள்ள மாமியாரும் உடன் வருகிறார். சென்ற ஆண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அரை மணி நேரத்திலேயே பிள்ளைகள் 'வீட்டுக்குப் போகலாம்' என்று அழத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை எங்கே போகலாம்? எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பிள்ளைகள் அழுததில் தவறே இல்லை. நாம்தான் வாசலில் தொடங்கி ஒரு கண்ணாடிப் பெட்டியைக்கூட விடாமல், விவரப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே அவர்களை இழுத்துச் செல்கிறோம். பத்தாவது பெட்டியில் பெரியவர்களுக்கே கால் கடுத்துவிடும். ஒரு வேளைக்கு நான்கு பொருட்கள் போதும். ஆனால் அந்த நான்கின் முன்னாலும் உட்கார்ந்து, பேசி, முடிந்தால் வரைந்தும் பார்க்க வேண்டும். மற்றவற்றை மனசாட்சி உறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

முதலில் கிழமைகளைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள், முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். வெயிலில் பிள்ளைகளோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர்.

முதல் நாள், ரயில் பெட்டிகள் தயாரிக்கும் ஐ.சி.எஃப். நிறுவனத்தின் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வில்லிவாக்கம் பக்கம், புது ஆவடி சாலையில் இருக்கிறது. ஐந்து வயதுப் பையனை முதல் நாளே கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்த வேண்டாம். இங்கே திறந்தவெளியில் பழைய நீராவி இன்ஜின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. சுற்றி ஓடலாம், பொம்மை ரயிலும் உண்டு. ஓர் இன்ஜினின் பக்கவாட்டில் அவனைக் குந்தவைத்து, சக்கரத்தோடு இணைந்த நீளமான இரும்புத் தண்டைக் காட்டுங்கள். நெருப்பு தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது, நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் அந்தத் தண்டைத் தள்ளுகிறது, சக்கரம் உருளுகிறது. இந்த வரிசையை விரலால் தொடர்ந்து காட்டினால் அந்த வயதுக்கே புரிந்துவிடும்.

பையில் ஓர் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு வாருங்கள். தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை மகள் அளக்கட்டும். மீட்டர் கேஜ் என்றால் 1,000 மில்லிமீட்டர், பிராட் கேஜ் என்றால் 1,676. தென்மாவட்டங்களிலிருந்து எழும்பூருக்கு ஒரு காலத்தில் மீட்டர் கேஜில்தான் ரயில் ஓடியது. அந்தக் குறுகலான பெட்டியில் பயணம் செய்த அனுபவம் உங்கள் மாமியாருக்கு இருக்கக்கூடும். அன்றைக்கு அவரே வழிகாட்டியாக இருக்கட்டும். நிழலில் உட்கார்ந்துகொண்டே கதை சொல்லலாம். இங்கே நிழல் குறைவு என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் எழும்பூர். 1851இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம், கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பழைமையானது. ஒரே வளாகத்தில் பல கட்டிடங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் நாள் வீணாகும். சென்னையில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அமராவதிச் சிற்பங்களில் வட்டமான பலகை ஒன்று உண்டு. ஆந்திரத்தின் அமராவதியிலிருந்த பௌத்தத் தூபியைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் சிற்பம் அது. மதம் பிடித்த நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கிய கதையைச் சொல்கிறது. பிள்ளைகளிடம் கதையைச் சொல்லிவிடாமல், 'இதில் எத்தனை யானை?' என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே யானை. ஒரு பக்கம் தெருவில் ஆட்களைத் தூக்கி எறிகிறது. மறுபக்கம் புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. நடுவே மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பதறுகிறார்கள், மேலே மாடத்திலிருந்து சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே வட்டத்துக்குள் முன்னும் பின்னுமாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சிற்பி செதுக்கியிருப்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும் தருணத்துக்காகக் காத்திருங்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிட்டால் அந்த மகிழ்ச்சியை அவர்களிடமிருந்து பறித்தவர்களாகிவிடுவோம்.

அடுத்து செப்புத்திருமேனிகள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான். சிலையின் வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. ஆடை ஒரு காலில் குட்டையாகவும் மறு காலில் நீளமாகவும் இருக்கும். இடுப்பின் வளைவும் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. பிறகு அது எப்படி உருவானது என்று மகளுக்குச் சொல்லுங்கள். மெழுகில் உருவம் செய்து, மண்ணால் பூசி, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை கிடைக்கும் என்பதால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். 'ஏன் தொடக்கூடாது?' என்று மகன் கேட்டால், நம் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் என்று காரணத்தைச் சொல்லுங்கள். வெறுமனே அதட்டுவதை விட அது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது, கற்கருவிகள். நீங்கள் வரும் ரயில் தாம்பரம் தாண்டிப் பல்லாவரத்தைக் கடந்துதான் எழும்பூருக்குப் போகிறது. அந்தப் பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்றில்தான் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்துதான் தொடங்கியது. அவர் சேகரித்தவை பின்னாளில் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. ரயிலில் வரும்போதே பல்லாவரத்தைக் காட்டிவிட்டால், மறுநாள் அந்தக் கற்கள் வெறும் கற்களாகத் தெரியாது. அதே பகுதியில் உங்கள் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களையும் கேட்டுப் பாருங்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா 1900களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்தவை அவை. ஊர்ப்பெயரைப் பலகையில் படித்ததும் மாமியாரின் முகம் மலரும்.

கடைசியாக விலங்கியல் பிரிவின் திமிங்கில எலும்புக்கூடு. இதை மகனுக்காக இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கிறது. தெம்பு மிச்சமிருந்தால் போகலாம். சில கூடங்கள் அவ்வப்போது பராமரிப்புக்காக மூடப்படும், சில இடங்களில் படி ஏற வேண்டும். டிக்கெட் வாங்கும் இடத்திலேயே இரண்டையும் கேட்டுவிட்டு, மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்யுங்கள். வரைவதற்குப் பேனா வேண்டாம்; பென்சில் கொடுங்கள்.

மூன்றாம் நாள் தட்சிணசித்ரா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996 முதல் இயங்குகிறது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் உட்காரலாம், தூணைக் கட்டிப்பிடிக்கலாம். குயவர் சக்கரத்தில் களிமண்ணைத் தொடும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். தனிக் கட்டணம் கேட்டாலும் யோசிக்காதீர்கள். பரந்த இடம் என்பதால் மாமியாருக்கு ஒரு வீட்டுத் திண்ணையை நிலையான இடமாக வைத்துக்கொண்டு, நீங்கள் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வாருங்கள்.

மழையோ கடும் வெயிலோ குறுக்கிட்டால் மாற்றாகக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம். கேட்டுக்கொண்டு தமிழ்க் காட்சிக்கே போங்கள். விளக்கு அணைந்ததும் சின்னப் பிள்ளைகள் சிலர் பயந்துவிடுவார்கள், அதனால் ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.

கோட்டை அருங்காட்சியகத்தை இந்த முறை விட்டுவிடலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடி அங்கே இருக்கிறது. சுதந்திரப் போராட்டத்தைப் பள்ளியில் படித்த பிறகு மகளை அதற்காகவே ஒரு முறை அழைத்து வாருங்கள். தலைமைச் செயலக வளாகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.