மறுகட்டுமானம் செய்த எம்ஜிபி இன்ஜின் ஐடிலில் நிற்காமல், கார்புரேட்டர் வழியாகத் துப்புவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டவரை சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினை போர் செய்து (சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி), ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டி, அதிக டியூரேஷன் கொண்ட (வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்) கேம்ஷாஃப்ட் போட்டு, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களை எடுத்துவிட்டு ஒற்றை வெபர் 45 டிசிஓஇ பொருத்தியிருக்கிறீர்கள். ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம், 1300 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் இன்ஜினின் ஓசை மாறுவதில்லை. 1500-லிருந்து 2500 வரை ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது வண்டி தடுமாறி, கார்புரேட்டரின் வாய் வழியாகத் துப்புகிறது. வெப்பமானி முள்ளும் ஏறுகிறது. பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகுகளில் ஐடில் ஜெட்டை மூன்று முறையும் மெயின் ஜெட்டை இரண்டு முறையும் மாற்றிவிட்டீர்கள். பிஸ்டன் உச்சியை எட்ட 12 டிகிரி இருக்கும்போதே பொறி விழுவதாக டைமிங் லைட் காட்டுவதால் இக்னிஷன் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குச் சந்தேகம் அந்த 12 டிகிரி மீதுதான். கார்புரேட்டரைச் சில நாள் தொடாமல் விடுங்கள். இதே இன்ஜினில், ஏறத்தாழ இதே அறிகுறிகளோடு, இரண்டு மாதம் ஜெட் மாற்றிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எம்ஜிபியின் கிராங்க் புல்லி (கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) பல இன்ஜின்களில் ஒரே துண்டு இரும்பாக இருப்பதில்லை. நடுவே உள்ள குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. கிராங்கின் முறுக்கு அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. டைமிங் பார்க்க உதவும் வெட்டுக்குறி இருப்பதோ வெளிவளையத்தில். பல பத்தாண்டு வயதான ரப்பர் எண்ணெயில் ஊறிப் பிடிமானம் இழக்கும்போது வெளிவளையம் மெல்லப் பின்வாங்கி நகர்கிறது; குறியும் அதோடு நகர்கிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெல்ட் ஓடும், புல்லி சுற்றும், டைமிங் லைட் மட்டும் பொய் சொல்லும். இன்ஜினை முழுமையாகப் பிரித்துச் சேர்ப்பவர்கள்கூட இந்தப் புல்லியைத் துடைத்து வண்ணம் பூசி மறுபடி மாட்டிவிடுவதே வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.

இதைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் உடலில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பொருத்தி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் திருகுங்கள். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே போல்ட்டில் முட்டி நிற்க வேண்டும். கிராங்கைக் கையால் (ஸ்டார்ட்டரால் ஒருபோதும் கூடாது) மெதுவாகத் திருப்பி, முட்டிய இடத்தில் டைமிங் கவரின் சுழிய முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்த்திசையில் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. அந்த இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே இருப்பதுதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் மேல் உச்சி. தொழிற்சாலை வெட்டுக்குறி அதோடு பொருந்தினால் என் ஊகம் தவறு. பொருந்தாவிட்டால் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 150 மிமீ விட்டமுள்ள புல்லியில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் ஏறத்தாழ 1.3 மிமீ. என்னுடையதில் விலகல் 14 மிமீ, அதாவது பதினோரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. லைட்டில் 12 காட்டியபோது உண்மையில் ஒரு டிகிரி அளவில்தான் பொறி விழுந்துகொண்டிருந்தது.

இந்தத் தாமதம் கார்புரேட்டர் கோளாறாக எப்படி வேடம் போடுகிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி. பொறி தாமதமாக விழுந்தால் ஐடிலில் இன்ஜினுக்குத் திராணி இருக்காது. அதை அணையாமல் வைத்திருக்க நாம் வேக ஸ்க்ரூவைத் திருகி, காற்று வழியை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளைத் தகட்டைத் திறந்துகொண்டே போகிறோம். வெபர் டிசிஓஇயில் பட்டர்ஃபிளையின் விளிம்பை ஒட்டிச் சில சிறு புரோக்ரஷன் துளைகள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தும்போது அவை ஒவ்வொன்றாகத் திறந்து, மெயின் ஜெட் வேலையை ஏற்கும் வரை பெட்ரோலைக் கொடுக்க வேண்டும். பட்டர்ஃபிளை ஐடிலிலேயே அந்தத் துளைகளைத் தாண்டி நின்றால், இன்ஜின் மிக்ஸர் ஸ்க்ரூ வழியாக அல்லாமல் அந்தத் துளைகள் வழியாகவே பெட்ரோல் குடிக்கும். ஸ்க்ரூவைத் திருகினால் ஓசை மாறாததன் காரணம் அதுவே. பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திறப்பதற்குப் புதிய துளை எதுவும் மிச்சமிருக்காது. காற்று மட்டும் கூடி, கலவை மெலிந்து, இன்ஜின் துப்பும். தாமதமான பொறியால் எரிதல் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் வரை இழுத்துக்கொண்டு போவதால் வெப்பமும் ஏறுகிறது. நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிகளும் இந்த ஒரே காரணத்தில் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு ஜெட்டில் மருந்து இல்லை.

புதிய டிடிசி குறியை வெள்ளை வண்ணத்தால் அழுத்தமாகப் போட்டபின், புல்லியை மாற்றும் வரை அதையே நம்புங்கள். ஆனால் வழுக்கிய வளையம் மறுபடியும் வழுக்கும் என்பதால் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங்கை ஐடிலில் பார்ப்பதைவிட, மெக்கானிக்கல் அட்வான்ஸ் (வேகம் கூடக் கூடப் பொறி முன்னதாக விழுவது) முழுவதும் வந்து நின்ற வேகத்தில் பார்ப்பதே மேல். இந்த இன்ஜினுக்கு வேக்குவம் அட்வான்ஸ் சேராமல் மொத்தம் 30 முதல் 32 டிகிரி என்று தொடங்கலாம்; கம்ப்ரஷனைக் கூட்டியிருப்பதால் சுமையில் நாக்கிங் (தட்டும் ஓசை) கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே ஏறுங்கள். அதிக டியூரேஷன் கேம் ஐடிலில் கூடுதல் அட்வான்ஸைக் கேட்கும். பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பழைய கேமுக்காக அமைக்கப்பட்டவை. ஐடிலில் போதிய அட்வான்ஸ் வைத்தால் உச்சத்தில் 36-ஐத் தாண்டுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் திருத்த வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ. இன்னொன்று: 1967 வரையிலான எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்தபடி) வந்தவை. பிற்பாடு யாரேனும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தால், காயிலின் இரண்டு முனை இணைப்புகளையும் இடம் மாற்றினார்களா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் பிளக்கில் பொறியின் துருவம் தலைகீழாகி, அதே பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். ஐடிலில் தெரியாத இந்தக் குறை, அழுத்தி ஓட்டும்போது மிஸ்ஸிங்காக வெளிப்படும்.

வால்வ் கிளியரன்ஸைப் பழைய கையேட்டிலிருந்து எடுக்காமல், கேமோடு வந்த தாளில் உள்ளபடி வையுங்கள். கம்ப்ரஷன் டெஸ்டில் எண் குறைவாக வந்தால் பதற வேண்டாம்: இன்லெட் வால்வு தாமதமாக மூடும் கேமில் ஸ்டார்ட்டர் வேகத்தில் அழுத்தம் குறைவாகவே வரும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே கேள்வி.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டருக்கு வரலாம். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் போதும். அதற்கு வெகுவாக மேலே போனால் நீடில் வால்வு தாங்காமல் வழியும். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஓ-ரிங் வைத்த தகடு இருந்தால், நட்டுகளை இறுக்கி நசுக்கிவிடாதீர்கள். கார்புரேட்டர் கையால் அசைத்தால் லேசாக அசைய வேண்டும். அசைவில்லாமல் இறுக்கினால் இன்ஜின் அதிர்வு மிதவை அறைக்குள் போய்ப் பெட்ரோல் நுரைக்கும். பிரேக் சர்வோ குழாயிலும் காற்றுக் கசிவு பாருங்கள். பிறகு வேக ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தி, நெம்புகோலைத் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று மட்டும் உள்ளே திருகித் தொடங்குங்கள். இந்தக் கேமுக்கு 1000 ஆர்பிஎம் ஐடில் நியாயமானது. மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் ஓசை தளர்ந்தால், ஐடில் சர்க்யூட் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். என் வண்டியில் அந்த நிலைக்கு வந்தபோது, முதன்முதலில் கார்புரேட்டரோடு வந்த ஐடில் ஜெட்டையே திரும்பப் போட்டு ஓட்ட முடிந்தது.

பிளக் நிறம் பார்த்து ஜெட் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி, 3, 4-க்கு இன்னொன்று. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒவ்வொரு ஜோடியிலும் உள் சிலிண்டர் உறிஞ்சிய உடனேயே வெளிச் சிலிண்டர் உறிஞ்சுகிறது. இரண்டுக்கும் கலவை சமமாகப் போய்ச்சேராது. நான்கு பிளக்கும் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்று முயன்றால் ஜெட் பெட்டி காலியாகும். ஆகவே கலவை மெலிந்ததால் மிக வெளுத்திருக்கும் பிளக்கைப் பார்த்து ஜெட்டை முடிவு செய்யுங்கள்.

டைமிங் திருந்திய பின்னும் வெப்பம் ஏறினால் அது தனிக் கோளாறு. அப்போது முதலில் கூலிங் சிஸ்டத்தில் காற்றுப் பொதி சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு சிலிண்டர்களை லீக்-டவுன் சோதனை (அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவு பார்ப்பது) செய்யுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழி எழுந்தால் ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.