மரக்கலராயர், மரைக்காயர், மரிக்கார்: மூன்றும் ஒன்றா?

பாட்டனாரின் பத்திரத்தில் ‘மரக்கலராயர்’ என்றும், தங்கள் சான்றிதழில் ‘மரைக்காயர்’ என்றும், கொழும்பு உறவினருக்கு ‘மரிக்கார்’ என்றும் இருப்பதால் இவை வெவ்வேறு குடிகளோ என்று ஐயுற்றிருக்கிறீர்கள். எழுத்து வேறுபாட்டைக் கொண்டு அப்படி முடிவு செய்ய வேண்டியதில்லை.

மரக்கலம் என்றால் கப்பல். அதை உடைமையாகக் கொண்டவர் அல்லது செலுத்தியவர் என்ற பொருளில் பெயர் பிறந்தது என்பதே பரவலான விளக்கம். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. எனக்கு முன்னதே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் கடல்வணிகரிடையே வழங்கும் இப்பெயரின் சாயலிலேயே கர்நாடகக் கரையின் இந்து மீனவரான மொகவீரர்களும் ‘மரகலரு’ எனப்படுகின்றனர்.

கோழிக்கோட்டிலோ அது பதவிப் பெயராகவும் விளங்கியது: கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் நால்வர் குஞ்ஞாலி மரைக்காயர் எனப்பட்டனர், அவர்களுள் இறுதியானவரைப் போர்ச்சுகீசியர் 1600இல் கோவாவில் கொன்றனர்.

ஆகவே, பெயர் ஒன்றாக இருப்பதும் உறவுக்குச் சான்றாகாது. பாட்டனாரின் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய திருமணப் பதிவேடு இருந்தால், அதில் தந்தை பெயரையும் வீட்டுப் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.