காற்புள்ளியை உள்ளே விட்டது யார்?

கேள்வி: தொலைபேசி எண் பெட்டியில் இலக்கம், கூட்டல் குறி, ஹைஃபன், புள்ளி மட்டும் வரட்டும் என்று ரீஜெக்ஸில் (எந்தக் குறிகள் வரலாம் என்று சொல்லும் சரிபார்ப்பு வடிவம்) [0-9+-.] என எழுதினேன். காற்புள்ளி போட்டாலும் ஏற்கிறது. 'இதை வெறும் குறியாகவே எடு' என்று சொல்லும் பேக்ஸ்லாஷை (\) எல்லாக் குறிக்கும் முன்னால் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். எழுத்துக்கு முன்னால் அது தவறி விழுந்தால் பொருளே மாறிவிடும். கோளாறு அந்த ஹைஃபனில்தான். சதுர அடைப்புக்குள் இரு குறிகளுக்கு நடுவே வரும் ஹைஃபனுக்கு 'முதல், வரை' என்று பொருள். கூட்டல் முதல் புள்ளி வரை எல்லாம் வரலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். கணினி குறிகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி வரிசையில் கூட்டல் 43, காற்புள்ளி 44, ஹைஃபன் 45, புள்ளி 46. ஹைஃபனும் அந்த வரம்புக்குள்ளேயே விழுவதால், சோதித்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்திருக்கும்.

[0-9+.\-] என்று மாற்றுங்கள். புள்ளி, கூட்டல், நட்சத்திரம், கேள்விக்குறி எல்லாம் அடைப்புக்குள் வெறும் குறிகளே. கவனம் வேண்டியவை ஹைஃபன், மூடும் ], பேக்ஸ்லாஷ், முதலிடத்தில் நிற்கும் ^. பொதுவாக அவ்வளவுதான்.

ஹைஃபனைக் கடைசியில் வைத்தால் பேக்ஸ்லாஷே தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் எச்டிஎம்எல் படிவத்தில், பெட்டிக்கான ரீஜெக்ஸை ஏற்கும் 'பேட்டர்ன்' பண்பில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2024 தரத்தில் 'வி' ஃபிளாக் என்று ஒன்று வந்தது; ரீஜெக்ஸை இன்னும் கடுமையான விதிகளோடு படிக்கும் முறை அது. புதிய பிரவுசர்கள் இந்தப் பண்பை அதன்படிதான் படிக்கின்றன. அதில் கடைசி ஹைஃபனுக்கும் பேக்ஸ்லாஷ் கட்டாயம். வளைவு அடைப்பு, நெளிவு அடைப்பு, சாய்கோடு, நிமிர்ந்த கோடு ஆகியவற்றுக்கும் அப்படியே. போடாவிட்டால் என்ன ஆகும்? பிரவுசரில் நிரலாளர் மட்டும் திறந்து பார்க்கும் கன்சோலில் ஒரு பிழைச் செய்தி. அதோடு சோதனையே கைவிடப்படும். பயனர் எதைத் தட்டினாலும் உள்ளே போகும். வருடக்கணக்காக ஓடிய படிவத்தை வாசல் திறந்த வீடாக்கிவிட்டு, அதைக் கன்சோலுக்கு வெளியே சொல்லக்கூட மாட்டார்கள். இதற்குப் பெயர் தரமாம்!

இன்னொன்று. 'எதையும் சரிபார்க்கும் ரெடிமேட் ரீஜெக்ஸ்' என்று இணையத்தில் கிடைப்பதை அப்படியே ஒட்டாதீர்கள். எந்த மொழிக்கு எழுதியது என்றே பலவற்றில் இருக்காது. பெரிய 'ஏ' முதல் சின்ன 'இசட்' வரை ஒரே வரம்பாக ([A-z]) இருந்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்: நடுவில் சதுர அடைப்புகள், பேக்ஸ்லாஷ், அடிக்கோடு உட்பட 6 குறிகள் ஒளிந்திருக்கின்றன. ரீஜெக்ஸ் சோதனைத் தளங்களிலும் உங்கள் நிரல்மொழியின் எஞ்சினை (ரீஜெக்ஸைப் படித்து இயக்கும் பகுதி) தேர்ந்தெடுத்துவிட்டே பாருங்கள்.

மாற்றியபின் சரியான எண்ணை மட்டும் தட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். காற்புள்ளி, பேக்ஸ்லாஷ், அடிக்கோடு மூன்றையும் தட்டுங்கள். மூன்றும் நிராகரிக்கப்பட வேண்டும். அதே சோதனை சர்வரிலும் இருக்கட்டும்.