பத்துப் புத்தகம் கேட்கும் அப்பாவுக்கு

கேள்வி: என் மகன் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் போன்ற பெரிய மனிதர்களை உருவாக்கிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் பார்த்து, பன்னிரண்டு புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். மூன்றைத் தொட்டான், ஒன்றையும் முடிக்கவில்லை. வெற்றி பெற்றவர்களின் சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றிய புத்தகங்களில் முக்கியமான பத்தை நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பத்து சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். படிக்காத பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு பத்தை அனுப்பி வைப்பது உங்கள் மகனுக்குச் செய்யும் உதவி ஆகாது.

ஒரு புத்தகம் ஒருவரை மாற்றியது என்று கேள்விப்பட்டால் நான் இரண்டு விஷயங்களைத் தேடுவேன். அது கைக்கு வந்த நாளில் அவர் எந்தச் சிக்கலில் இருந்தார்? படித்து முடித்த மறு வாரம் என்ன செய்தார்? பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு அட்டையை மட்டும் காட்டுகிறார்கள்.

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1904-ல் அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த வழக்கறிஞர். முந்தைய ஆண்டு டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை அவர் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பிரிட்டிஷ் பவுண்டு வரை அனுப்ப வேண்டியிருந்தது. கணக்கு வழக்கு சரியில்லை என்று அச்சகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த வெஸ்ட் கடிதம் எழுத, நேரில் பார்க்கலாம் என்று கிளம்பினார். வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரயிலில் படியுங்கள் என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஜான் ரஸ்கின் எழுதிய ‘அண்டு திஸ் லாஸ்ட்’. இருபத்து நான்கு மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார்.

அதில் அவர் கண்டவை மூன்று. எல்லோருடைய நன்மையில்தான் தனிமனிதனின் நன்மை இருக்கிறது. வக்கீல் வேலைக்கும் முடிதிருத்துபவர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே. உடல் உழைத்து வாழ்வதே வாழ்க்கை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவரே ஒரு கணக்கும் தருகிறார்: முதலாவது எனக்கு ஏற்கெனவே தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரிந்திருந்தது, மூன்றாவது தோன்றியதே இல்லை. இந்த வரியை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் அவருக்குள்ளேயே கிடந்தது; புத்தகம் அதை வெளியே எடுத்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பத்திரிகையை ஒரு பண்ணைக்கு மாற்றலாம், எல்லோரும் உழைப்போம், நிறமோ நாடோ பார்க்காமல் எல்லோருக்கும் மாதம் 3 பவுண்டு என்று வெஸ்டிடம் சொல்கிறார். ஒரே வாரத்தில் டர்பன் அருகே ஃபீனிக்ஸில் 20 ஏக்கர் வாங்கியாகிவிட்டது. பக்கத்திலேயே 80 ஏக்கர், அதையும் சேர்த்து மொத்தம் 1,000 பவுண்டு. அங்கே முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. முன்யோசனையாகக் கொண்டுவந்திருந்த கைச்சக்கரம் இருந்தது, சுற்ற ஆள் போதவில்லை. கட்டட வேலைக்கு வந்து அங்கேயே படுத்திருந்த தச்சர்களை எழுப்பி, எல்லோருமாக முறை வைத்து விடிய விடியச் சுற்றினார்கள். இதழ் நேரத்துக்கு வெளியே போனது. ரஸ்கினைப் படித்தவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றியவர்கள் ஒரு கைப்பிடி பேர்.

இன்னொன்றையும் காந்தி அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். படிக்கும் காலத்தில் பாடப்புத்தகம் தவிர வேறெதுவும் அதிகம் படித்ததில்லை; பிறகு நேரமும் கிடைக்கவில்லை; ஆனால் குறைவாகப் படித்ததால் படித்ததை நன்றாகச் செரித்துக்கொள்ள முடிந்தது என்கிறார்.

நீங்கள் சொன்ன பஃபெட்டும் இதே ரகம்தான். பதினோரு வயதிலேயே பங்கு வாங்கியவர். பெஞ்சமின் கிரஹாம் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1950 தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தபோது வயது 19. அதற்குள் அவருக்கு எட்டு வருட அனுபவமும் அதற்குரிய கேள்விகளும் இருந்தன. படித்ததோடு விடவில்லை. கிரஹாம் பாடம் நடத்திய கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அவரிடமே படித்தார், பிறகு அவர் நிறுவனத்திலேயே வேலைக்கும் சேர்ந்தார். பங்குச் சந்தை பக்கமே போகாத ஒரு பையன் அதே புத்தகத்தை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தால், அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

உடனே செயலில் இறங்கினால்தான் புத்தகம் வேலை செய்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது, அவர் தேர்வில் தேறியதைப் பாராட்ட நடந்த கூட்டத்தில் மராத்தி எழுத்தாளர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். சிறுவன் அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சண்டைக்கே போனான்: தீண்டப்படாதவர்களை இழிவாகச் சொல்லும் இதிகாசங்களை எங்களைப் படிக்க வைக்கிறீர்களே, இதை ஏன் காட்டவில்லை? வெற்று மனத்தோடு நான் புத்தரிடம் போகவில்லை என்று கடைசிக் காலத்தில் அதை நினைவுகூர்கிறார். நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அந்தப் பரிசுக்கும் அந்த நாளுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு. நீங்களோ வாங்கிக் கொடுத்த கையோடு மகனின் பழக்கம் மாறவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள்.

அக்கறையோடுதான் செலவு செய்திருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தது பஃபெட்; உங்கள் மகன் இல்லை. அவனுக்கு இப்போது எது உறுத்துகிறது? நேர்காணலில் பேச வராததா, படித்த படிப்பே பிடிக்காததா, நண்பர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அவனுக்கு ஒரு புத்தகத்தைக்கூடச் சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்கள். அறிவுரை வேண்டாம், வேலை எப்போது கிடைக்கும் என்ற பேச்சும் அன்றைக்கு வேண்டாம். பக்கத்து நூலகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போய், அவனாகவே அலமாரியைப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அவன் கை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

சரி, அவன் தொட்ட அந்த மூன்று புத்தகங்கள் எவை? அதை நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டில் ஒன்பதைத் தொடாமல் மூன்றை மட்டும் ஏன் எடுத்தான், ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் நிறுத்தினான் என்று அவனிடமே விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் அதிலிருந்து தொடங்குவோம்.